பதில் தட்டு

செத்தால் மூன்றே நொடியில் திரும்பி வந்துவிடலாம். அந்த விளையாட்டில் மெக்கானிக்குக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். துப்பாக்கியோ புகையோ வெடிச்சத்தமோ எல்லாம் அப்புறம். திரை கறுக்கும், மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் ஓடும், மறுபடியும் கைகால் முழுசாக நிற்கலாம். ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆள் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருடமாக லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறிப் பிழைக்கிறவன். இப்போது வலது கணுக்கால் முறிந்து, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, நாலாவது மாடி வீட்டில் மூன்று வாரமாக அடைந்து கிடந்தான். இன்னும் மூன்று வாரம் பாக்கி.

கால் போன கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. குழிக்குள் ஒருவன் நின்று வேலை பார்க்கும்போது, மேலே மெஷின் ரூமில் இருக்கிறவன் வாயால் பேசி எதையும் சொல்லக்கூடாது என்பது இவர்கள் கோஷ்டியின் சட்டம். குழிக்குள் குரல் சுற்றிச்சுற்றி வரும். யார் சொன்னது, எங்கிருந்து சொன்னது, ஒன்றும் பிடிபடாது. அதனால் தட்டுதான் பேச்சு. மேலிருந்து கீழ்வரை சுவரை ஒட்டி ஓடும் ஒயர்க் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டினால், வேலை முடிந்தது, வெளியே வா என்று அர்த்தம். கீழே இருப்பவன் வெளியே வந்துவிட்டு ஒரு தட்டுத் தட்டவேண்டும். அது பதில் தட்டு. மூன்று தட்டினால் ஆபத்து, இருந்த இடத்தில் அசையாதே. பதில் தட்டு காதில் விழும்வரை மேலே இருக்கிறவன் மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. பத்து நிமிடம் ஆனாலும் சரி, நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேலே இருந்தவன் நிற்கவில்லை. இரண்டு தட்டினான், உடனே சுவிட்சைப் போட்டான். வீட்டில் ஏதோ அவசரமாம். கேபின் தலைக்குமேல் இறங்கி வந்தது. மெக்கானிக் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டதில் உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. அந்தப் பாவியை அவன் திட்டாத நாள் இல்லை. தட்டிவிட்டு நிற்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதற்கு இந்த வேலை என்று, பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அன்றிலிருந்து அவனுக்குக் குழியை நினைத்தாலே உள்ளங்கை வேர்த்தது. மாவுக்கட்டைப் பிரித்ததும் மறுபடி இறங்க வேண்டுமே என்று நினைக்கும்போதெல்லாம் ஈரக்குலை நடுங்கியது. பயந்த மெக்கானிக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

இந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி, சும்மா படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, அந்த விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. வைத்தியம் என்று நினைத்துத்தான் கொடுத்தான்.

ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். எல்லோரும் எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிறவர்கள். திரையில் உன் முகம் தெரியாது. நீ பிடித்திருக்கும் துப்பாக்கியும் இரண்டு கைகளும்தான் தெரியும். நீயே ஓடுகிறாய், நீயே தாவுகிறாய், மூலையில் நிழல் அசைந்தால் யோசிப்பதற்குமுன் விரல் அமுக்கிவிடும். யோசித்தால் செத்தாய், நின்றாலும் செத்தாய். ஒரு அறைக்கு அரை நொடி. கண்ணை ஒரு சுழற்று, ஆள் இல்லையா, அடுத்த அறை. பதினான்கு வருடமாகத் தட்டு, நில், காது கொடு, சுவிட்சுக்குப் பூட்டுப் போடு, சாவியைப் பையில் வை என்றே பழகினவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. மாவுக்கட்டுக் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் மாடிமாடியாகத் தாவினான். பத்து நிமிட ஆட்டத்தில் இருபது தடவை செத்தான், இருபது தடவையும் வந்தான். அந்தப் பத்து நிமிடமும் அவனுக்குக் குழி ஞாபகம் வரவே இல்லை. கூட விளையாடியவர்கள் கால் கதையைக் கேட்டுவிட்டு நொண்டிப்புலி என்று பெயர் வைத்தார்கள். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அதற்கு வயது நாலு.

மகளை வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். ஒன்றரை மணிக்குப் பள்ளி வேனில் வந்து இறங்கும் சுண்டெலியை மாலைவரை பார்த்துக்கொள்வது மெக்கானிக்கின் பொறுப்பு. குழந்தை முழித்திருக்கும்போது அந்தக் கருமத்தைத் தொடக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவனும் தலையைத் தலையை ஆட்டினான். ஆட்டுவதற்கென்ன, செலவா?

முதலில் ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் ஆரம்பித்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கூட்டாளிகளிடம் "வா வா, இங்க வா, சீக்கிரம் வா" என்று கத்துவான். அப்பா கூப்பிடுகிறார் என்று சுண்டெலி ஓடிவந்து மடியில் ஏறும். ஆட்டம் பாழ். இரண்டு நாள் இப்படி ஆன பிறகு அவன் ஒரு யுக்தி செய்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே யுக்தி, தொழில் யுக்தி. சுண்டெலியை எதிரில் உட்கார வைத்து, அப்பா விளையாடும்போது நீ எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும், சத்தமே போடக்கூடாது என்றான். அப்பா வாயால் கூப்பிட்டால் வராதே, அது உன்னை இல்லை. ஊன்றுகோலால் தரையில் இரண்டு தட்டினால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். நீ ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வரலாம். மூன்று தட்டினால் ஆபத்து, மூச்சுக்கூட விடாதே. குரலை நம்பாதே, தட்டை மட்டும் நம்பு.

சுண்டெலிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்பாவின் வேலை ரகசியம் அல்லவா? ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை. அவன் இரண்டு தட்டிவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பான். எங்கிருந்தோ டொக் என்று ஒரு சத்தம் வரும், பின்னாலேயே குழந்தை வரும். எங்கே ஒளிந்தாய் என்று அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. செத்தேன் செத்தேன் என்று ஏன் கத்துகிறாய் என்று ஒருநாள் கேட்டாள். அது சும்மா, அப்பா செத்தால் நீ மூன்று எண்ணுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவைத்தான்.

அந்தப் புதன்கிழமை ஒன்றரை மணிக்கு, குழந்தையை வேனிலிருந்து எதிர்வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு வந்து மணியடித்தபோது அவன் ஆட்டத்தின் நடுவில் இருந்தான். அக்கா தையல் தைக்கிறவர், ஐம்பது தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி போய்க் கதவைத் திறந்தான், காலை உதறி ஷூக்களைக் கழற்றிய பிள்ளையை உள்ளே விட்டான், கதவை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திரும்பினான். பூட்டு விழுந்ததா என்று பார்க்கவில்லை. தட்டில் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டை அவள் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். அவன் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். அவள் தலையாட்டிவிட்டு ஒளியப் போனாள்.

அதற்கப்புறம் நடந்தது அவன் ஜென்மத்தில் ஆடாத ஆட்டம். திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தான். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்துச் சமம்; கடைசிச் சுற்றில் மட்டும் விழுந்தவன் திரும்பி வர முடியாது. கூட்டாளிகள் ஐந்து பேரும் விழுந்துவிட்டார்கள். எதிரிகள் இரண்டு பேர் பாக்கி, இவன் ஒருவன். காதுக்குள் ஐந்து பேரும் நொண்டிப்புலி, நொண்டிப்புலி என்று ஓதுகிறார்கள். படிக்கட்டில் ஒருவனை முடித்தான். மற்றவனின் காலடிச் சத்தம் இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் கேட்டது. சட்டென்று திரும்பினான்.

கரண்ட் போய்விட்டது.

"செத்தேன்!" என்று கத்திவிட்டான்.

திரை கறுத்தது. எண் ஓடவில்லை. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. வீடு இருட்டாக, காதை அடைக்கிற மாதிரி அமைதியாக இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தான். பழக்க தோஷத்தில் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் இரண்டு தட்டினான். அப்போதுதான் கூடத்து இருட்டில், வாசல் பக்கம், தரையிலிருந்து மேலே வரை ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

ஊன்றிக்கொண்டு எழுந்தான். "சுண்டெலி?"

சத்தம் இல்லை.

முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. டொக் டொக்கென்று ஊன்றிக்கொண்டே படுக்கையறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியைத் திறந்தான், புடவைகள் தொங்கின, மூடினான். குளியலறை, இல்லை. சமையலறை, இல்லை. பால்கனிக் கம்பி இடுக்கில் குழந்தை நுழையாது, இருந்தாலும் கீழே எட்டிப் பார்த்தான். டொக், டொக், டொக். ஒரு அறைக்கு அரை நொடி. திரும்பவும் எல்லா அறையையும் சுற்றினான், குட்டிம்மா, தங்கம், அப்பா திட்டமாட்டேன் வா என்று விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தான். வீடு வாயே திறக்கவில்லை. இரண்டாவது சுற்று முடிந்தபோது அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. தூங்கறா."

நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. யோசிப்பதற்குமுன் விரல் அமுக்குகிற மாதிரி.

"பரவாயில்லையே, டிவி சத்தத்தையே காணோம்" என்றாள் அவள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "சரி, நானும் ஓடறேன், வேலை கிடக்கு."

போனைப் பைக்குள் போட்டான். இனி இதை எப்படித் திருப்பிச் சொல்வது? ஏதாவது ஆகியிருந்தால், தூங்குகிறாள் என்று சொன்னாயே என்று அவள் கேட்பாளே. வாசலுக்குப் போனான்.

வெளியே நடையில் செருப்பு வைக்கும் அடுக்கு. அதில் சுண்டெலியின் ஒரு ஷூ. இன்னொன்று நடையைத் தாண்டி, லிஃப்ட் கதவின் முன்னால் கவிழ்ந்து கிடந்தது. லிஃப்ட் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அவன் அந்தக் கதவையே பார்த்தான்.

அந்தக் கதவைப் பற்றி அவனுக்குத் தெரியும். வேறு யாருக்குமே தெரியாது, அவனுக்குத் தெரியும். பழைய கட்டடம், கையால் இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவு. கேபின் அந்த மாடியில் இல்லாவிட்டால் கதவு திறக்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் டாக்டரிடம் போய்வந்தபோது, நாலாவது மாடிக் கொக்கி தேய்ந்துபோய், இழுத்தால் கதவு திறந்துகொள்வதைப் பார்த்தான். மூடின மாதிரி இருந்து தானாகவே இடைவெளி விட்டது. கதவு திறந்திருந்தும் கேபின் நிற்காமல் ஓடியது. அது அதைவிட மோசம். நாளைக்குக் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்று நினைத்தான். நாளைக்கு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. பதினான்கு வருடம் ஊரான் வீட்டு லிஃப்டுக்கெல்லாம் காவல் காத்தவன், தன் வீட்டு வாசலில் வாயைப் பிளந்து நின்ற குழியைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். இவனை என்ன செய்தால் தகும்?

ஊன்றுகோலைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பித் திறந்தான். குழியிலிருந்து கிரீஸ் வாடையோடு சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. மூன்று வாரமாகக் கனவில் வந்த அதே காற்று. "சுண்டெலி" என்றான். குழி அவன் குரலை வாங்கி, கீழே கொண்டுபோய், மேலே கொண்டுபோய், யாரோ நாலு பேர் கூப்பிடுவது போலத் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒரு குழந்தை அழுகிற மாதிரியும் கேட்டது. அது குழந்தையா, தன் குரலா என்று அவனுக்கே தெரியவில்லை.

போனில் விளக்கைப் போட்டுக் கையை மட்டும் உள்ளே நீட்டினான். தலையை நீட்ட முடியவில்லை. சொந்த மகள் கீழே கிடக்கிறாளோ என்னவோ, அப்பன்காரனுக்குக் கழுத்து முன்னால் போக மாட்டேன் என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையை உள்ளே விட்டு, அப்புறம் கண்ணைத் திறந்தான். கேபின் இரண்டாவது மாடிப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் கூரைமேல், ஓரமாக, ஏதோ நீலமாகச் சுருண்டு கிடந்தது.

சுண்டெலியின் பள்ளிச் சீருடை நீலம்.

துடைக்கிற துணியாக இருக்கலாம். மெக்கானிக்குகள் துணியை மறந்து வைத்துவிட்டு வருவது சகஜம்தான், அவனே எத்தனையோ தடவை வைத்திருக்கிறான். துணிதான், துணிதான் என்று சொல்லிக்கொண்டான். வெளிச்சம் அதுவரை எட்டவில்லை. அது அசைகிறதா, இல்லை போன்தான் நடுங்குகிறதா?

அப்போது இன்னொன்று உறைத்தது. கரண்ட் எந்த நிமிடமும் திரும்பி வரலாம். வந்தால் கேபின் நகரும். இந்த மாடிக் கதவு திறந்திருந்தாலும் நிற்காது.

"அக்கா!" என்று கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு உடனே திறந்தது. அளவு நாடாவோடு வந்த அக்கா, ஷூவைப் பார்த்தார், திறந்திருந்த குழியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மனுஷி.

"அக்கா, ரெண்டு மாடி ஏறணும். மெஷின் ரூம். சாவி கதவுக்கு மேல ஆணியில தொங்கும். உள்ள போனதும் இடது பக்கம் சிவப்புப் பிடி, அதைக் கீழ இழுத்துடுங்க. இழுத்துட்டு அங்கேயே நில்லுங்க. யார் வந்து சொன்னாலும் தொட விடாதீங்க. நான் நேர்ல வந்து சொன்னாத்தான் விடணும்."

"இழுத்துட்டேன்னு மேலேருந்து குரல் குடுக்கவா?"

"குரல் வேணாம், குழியில ஒண்ணும் புரியாது. சுவரோரமா ஒரு இரும்புக் குழாய் தரைக்குள்ள இறங்கும். பக்கத்துல ஸ்பேனர் கிடக்கும். ரெண்டு தட்டுத் தட்டுங்க. ரெண்டே ரெண்டு."

அக்காவுக்கு முழங்கால் வீக்கம். மாடிப்படியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஏறுகிறவர். அன்றைக்குத் திட்டாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்.

அவன் கதவுச் சட்டத்தில் சாய்ந்து, ஒற்றைக் காலில், ஊன்றுகோலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு நின்றான். இப்போது அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஓட முடியாது, தாவ முடியாது, சுட ஒன்றும் இல்லை. நிற்க மட்டும்தான் முடியும். நின்றான். கீழே நீலம் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை. விளையாட்டில் இருபது தடவை செத்த மனுஷன், இப்போது ஒரே ஒரு தடவையை நினைத்து நின்றான். கரண்டே வராதே, கரண்டே வராதே என்று வாய்விட்டுக் கெஞ்சினான். யாரிடம் கெஞ்சினான் என்று அவனுக்கே தெரியாது.

டங். டங்.

குழாயில் மேலிருந்து இறங்கிய சத்தம் அவன் தோளருகே சுவரைத் தாண்டிக் கீழே போனது. அக்கா சுவிட்சை இழுத்துவிட்டார். இனி பயமில்லாமல் மூன்றாவது மாடிக்குப் போய், அங்கிருந்து கேபின் கூரையில் இறங்கலாம். ஆனால் அவன் உடனே அசையவில்லை. யோசித்து நின்றான் என்று சொன்னால் பொய். இரண்டு தட்டுக் கேட்டால், பதில் வரும்வரை அசையாதே என்று பதினான்கு வருடம் அந்த உடம்புக்குள் ஊறிப்போயிருந்தது. உடம்பு நின்றது, அவனும் நின்றான்.

டொக்.

சின்னச் சத்தம். கீழே இருந்து இல்லை, மேலே இருந்தும் இல்லை. இடது பக்கத்தில், சுவருக்கு உள்ளேயிருந்து.

பிரமையாக இருக்கும் என்று நினைத்தான். பிரமையாக இருந்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் அவன் மனுஷனாகவே இருக்கமாட்டான் என்றும் நினைத்தான். குழிக்குள் தோள்வரை கையை விட்டான். இந்தத் தடவை கை போனது. கையிலிருந்த போனைக்கொண்டு குழாயில் இரண்டு தட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டொக்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய படுக்கையறை. சுவரோடு பதித்த அலமாரி.

ஊன்றுகோலை எடுக்கக் கை போனது. பாதியில் நின்றது. டொக், டொக், டொக் என்று வீடு முழுக்கத் தான் ஊன்றிக்கொண்டு திரிந்தது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது. முதலில் இரண்டு தட்டினான், சரி. பதிலுக்கு நின்றானா? நிற்காமல் மூன்றாவதாக ஊன்றினான். மூன்று தட்டு. அதற்கப்புறம் தேடிய நேரமெல்லாம், ஒவ்வொரு அறையிலும், அசையாதே அசையாதே என்று அவனே மகளிடம் சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறான். தட்டிவிட்டு நிற்கத் தெரியாத பாவி என்று மூன்று வாரமாக யாரைத் திட்டினானோ, அவன் இவன்தான்.

லிஃப்ட் கதவை இழுத்து மூடி, திறக்க முடியாதபடி ஊன்றுகோலைக் கைப்பிடியில் குறுக்காகச் செருகினான். தரையில் உட்கார்ந்தான். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, முழங்கையால் ஊர்ந்து, சத்தமில்லாமல் வீட்டுக்குள் போனான். கூப்பிடவில்லை. படுக்கையறை வாசலுக்கு அவன் போய்ச் சேரவும், அலமாரியின் கீழ்க்கதவு திறந்து, போர்வை மூட்டைக்குப் பின்னாலிருந்து சுண்டெலி வெளியே வரவும் சரியாக இருந்தது. கையில் மரக்கரண்டி. தலையெல்லாம் பஞ்சு. உள்ளே அம்மாவின் பழைய சால்வை விரித்திருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது, நாலு க்ரேயான் இருந்தது. அலமாரிச் சுவர் முழுக்கக் கிறுக்கல். எத்தனை ஆட்டம் அங்கே உட்கார்ந்திருந்தாளோ.

அவன் தவழ்ந்துகொண்டிருந்ததால் இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அப்படியே வாரி அணைத்துக்கொண்டு அழுதான். மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான். அவள், ஈரமாகிறது என்று விலகிக்கொண்டாள்.

"அப்பா எவ்வளவு கூப்பிட்டேன் கண்ணு. ஏண்டா வரல?"

"நீ எப்பவும்தான் வா வான்னு கூப்பிடுவே."

"ரெண்டு தட்டினேனே."

"ரெண்டு தட்டினே. அப்புறம் மூணாவதும் தட்டினே. அப்புறம் தட்டிக்கிட்டே இருந்தே." கரண்டியால் அவன் மார்பில் மெல்லக் குத்தினாள். "அப்பா, நீ செத்தேன்னு சொன்னே இல்ல? நான் மூணு எண்ணினேன். நீ வரல. மறுபடியும் எண்ணினேன். நெறைய மூணு எண்ணினேன்."

 இதற்கு ஒரு பொய் சொல்லலாம். நாக்கு அதற்கும் தயாராகத்தான் இருந்தது. நாக்கைப் பிடித்து நிறுத்தினான்.

"அது டிவியிலதான்டா மூணு. நெஜமா செத்தா வர முடியாது. யாருமே வர முடியாது."

சுண்டெலி இதை ரொம்ப நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு அவன் காதைப் பிடித்துப் பார்த்தாள், மூக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

மாடிப்படி வழியாக எதிர்வீட்டு அக்காவின் குரல் வந்தது. அவர் தன் இடத்தைவிட்டு நகராமலே கத்தினார். "தம்பி, என்னப்பா ஆச்சு? நான் இன்னும் இந்தப் பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்."

பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று பதிலுக்குக் கத்தினான். ஐயோ தெய்வமே என்று அக்கா அங்கேயே அழுவது கேட்டது. ஆனாலும் பிடியை விடமாட்டார், நேரில் வந்து சொன்னால்தான் விடுவார். அப்படித்தானே சொல்லி அனுப்பினான். போய்த்தான் ஆகவேண்டும், சுவிட்சில் பூட்டையும் மாட்டவேண்டும். கருவிப்பையிலிருந்து தன் பூட்டை எடுத்துக்கொண்டான். அதற்குமுன் மனைவிக்குப் போன் போட்டு, அவள் தூங்கவில்லை, நான் சொன்னது பொய், குழந்தை நன்றாக இருக்கிறாள், நீ கிளம்பி வா, எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான்.  அவள், பிள்ளையிடம் போனைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை.

மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் முதல் படிக்குத் தாவினான். "வா" என்று கையை நீட்டினான். சுண்டெலி வரவில்லை. அவள் கீழே குனிந்து, கரண்டியின் காம்பால் அவன் மாவுக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து, நின்ற இடத்தில் அசையாமல் நின்றாள்.

அவனுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை.

"நீ வந்துட்டியான்னு கேட்டேன்" என்றாள்.

மெக்கானிக் படியில் உட்கார்ந்தான். விரலை மடக்கிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.